வானலை லோரிக்கு உறுப்பு செய்வோம்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் கட்டுரை எழுதுகின்றார் என்றால், அது காலந்தவறாமையைப் பற்றியோ தூய்மையைப் பற்றியோ இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இம்முறை நான் ஒரு பொம்மை லோரியைப் பற்றி எழுதப்போகின்றேன். பொம்மை என்றவுடன் பெரியவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கணக்கும் அறிவியலும் பட்டறைத் தொழிலும் இதனுள் அடங்கியுள்ளன; என் பிழை ஒன்றும் இதில் அடங்கியுள்ளது.

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் சிறுவயது முதல் வானலையால் இயங்கும் சிற்றுந்துகளைச் சேர்த்து வருபவர். அவர் தாம் ஓட்டி ஓய்ந்த ஒரு லோரியின் அடிச்சட்டத்தைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தார். மோட்டார் நன்றாக ஓடியது. பின்சக்கரங்களும் பழுதின்றி இருந்தன. ஆயின், பின்னே சரக்குப் பெட்டி இல்லை. முன்சக்கரங்களைத் திருப்பும் கைகளுள் ஒன்று உடைந்திருந்தது. இரண்டையும் இணைக்கும் தண்டு தொலைந்துபோயிருந்தது. சிற்றுண்டிச் சாலைத் தரையில் வைத்து ஓட்டினோம். நேரே ஓடிற்று, திரும்பவில்லை, சுவரில் மோதி நின்றது. பிள்ளைகள் கைதட்டினர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் கைதட்டாமல், குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றி ஒரு சொல். அவன் தந்தை நம் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுகின்றார். பையன் கணக்கில் மிகவும் பின்தங்கியவன். பின்னக் கணக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கத்தையே வெறுமையாக விட்டுவிடுவான். “படித்து என்ன ஐயா, நான் கெலிண்டானாகப் போய்விடுவேன்” என்று ஒருநாள் என்னிடமே சொன்னான். லோரி உதவியாள் வேலை இழிந்ததன்று; ஆனால், பன்னிரண்டு வயதில் ஒருவன் தன் வாழ்வின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை.

இனிப் பாடத்திற்கு வருவோம். இந்த லோரி எவ்வாறு நம் சொற்படி நடக்கின்றது? நம் கையில் இருப்பது அலைபரப்பி. லோரிக்குள் இருப்பது அலைவாங்கி. கம்பி ஏதுமின்றிக் கட்டளை காற்றினூடே செல்கின்றது. இந்த வித்தையை 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து மேடிசன் சதுக்கத் தோட்டத்தில், நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகைக் கொண்டு நிக்கோலா தெஸ்லா என்னும் அறிஞர் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டினார். இன்று கடைகளில் தொங்கும் வானலைப் பொம்மைகள் அனைத்திற்கும் அந்தப் படகே மூத்தது.

முற்காலப் பொம்மைகள் 27 மெகா எர்ட்ஸ் அலையில் இயங்கின. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஆதலின் நீண்ட இழுப்புக் கம்பி தேவைப்பட்டது. இன்றைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகா எர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர் மட்டுமே. கம்பி சுண்டுவிரல் அளவுக்குக் குறுகிப்போனதன் காரணம் இதுவே.

முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு பெட்டிக்குச் சர்வோ என்று பெயர். அதற்குள் ஒரு சிறு மோட்டாரும் பற்சக்கரங்களும், தன் கை எந்த நிலையில் இருக்கின்றது என்று தானே அறியும் ஓர் உறுப்பும் உள்ளன. அலைவாங்கியிடமிருந்து அதற்கு ஒரு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை மின்துடிப்பு வருகின்றது. துடிப்பு ஒன்றரை மில்லி நொடி நீடித்தால் கை நடுவில் நிற்கும். ஒரு மில்லி நொடியாகக் குறைந்தால் ஒரு பக்கமும், இரண்டு மில்லி நொடியாக நீண்டால் மறுபக்கமும் திரும்பும். ஒரு மில்லி நொடி என்பது நொடியை ஆயிரமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதற்குள் நூறு பங்குக்குமேல் கடந்துவிடும். எங்கள் லோரியில் சர்வோ பழுதின்றி இருந்தது. அது திரும்பிற்று, சக்கரம்தான் திரும்பவில்லை. இடையில் உள்ள இரும்பும் ஞெகிழியும் உடைந்திருந்தால் மின்சாரத்தால் என்ன செய்ய முடியும்?

உறுப்பை விலைக்கு வாங்கலாமே என்று கேட்பீர்கள். இத்தகைய சிற்றுந்துகளுக்குப் பெயர்பெற்றது சப்பான் நாட்டுச் சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம். 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகத் தொடங்கிய அது, பின்னர் மரப்பொம்மைகள் செய்து, அதன்பின் ஞெகிழிக்கு மாறி, 1976இல் தன் முதல் வானலைக் காரை வெளியிட்டது. பதினான்கில் ஒரு பங்கு அளவில் பெரிய லோரிகளையும் அது செய்து வருகின்றது. அந்த அளவையே வேறு பலரும் பின்பற்றுவதால் உறுப்புகள் கிடைக்கும். எங்களிடம் இருந்ததோ பழைய மாதிரி. அதன் கையும் தண்டும் எங்கும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் விலையும் தபால் செலவும் சேர்ந்து ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலியை விழுங்கியிருக்கும். ஆகவே, நாமே செய்வது என்று முடிவாயிற்று.

எளிதானதிலிருந்து தொடங்குவோம் என்று முதலில் சரக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டோம். நம் தோட்டத்துக் குலை லோரியைப் போலவே அது இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். அளவுநாடாவுடன் லோரிக் கொட்டகைக்குச் சென்றோம். பெட்டியின் நீளம் 4.2 மீட்டர், அகலம் 2.1 மீட்டர், உயரம் 0.7 மீட்டர். ஒவ்வொன்றையும் 14ஆல் வகுத்தால் 30 சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர். கணக்கு இவ்வளவு நேராக வந்தது எங்கள் நல்லூழ்.

அடுத்து ஓர் இடறல். “குலையேற்றிய லோரி 11,000 கிலோ எடை என்று கொள்வோம். நம் லோரி எவ்வளவு எடை இருந்தால் பொருத்தமாகும்?” என்று கேட்டேன். வகுப்பே 14ஆல் வகுத்து, 785 கிலோ என்றது. “785 கிலோ பொம்மையை யார் தூக்குவது?” என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிழை எங்கே? நீளத்தை மட்டும் 14ஆகப் பங்கிட்டால் போதாது. அகலத்தையும் உயரத்தையும் பங்கிட வேண்டும். இரண்டு கட்டை நீளம், இரண்டு கட்டை அகலம், இரண்டு கட்டை உயரம் என்று அடுக்கினால் எட்டுக் கட்டைகள் ஆகின்றன அல்லவா? அதுபோலவே 14ஐ 14ஆல் பெருக்கி, மீண்டும் 14ஆல் பெருக்கினால் 2,744. 11,000 கிலோவை 2,744ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 கிலோ. இருபது கிலோ செம்பனைக் குலை ஒன்று நம் பொம்மை லோரியில் 7.3 கிராம்தான் இருக்கும். மறுநாள் ஒரு மாணவி களிமண்ணால் குலைகள் உருட்டிக் கொண்டுவந்தாள். கூட்டுறவுக் கடைத் தராசு அவ்வளவு சிறிய எடையைக் காட்டாது என்பதால், பத்துக் குலைகளை ஒன்றாக நிறுத்து, 73 கிராம் வருகின்றதா என்று பார்த்தாள். இந்த உத்தியை நான் சொல்லித் தரவில்லை.

பெட்டியை எதனால் செய்வது? தரையும் நான்கு சுவர்களும் சேர்த்துப் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடாயின் 700 கிராமுக்கு மேல் போகும். அதே கனத்தில் அலுமினியமாயின் 243 கிராம். ஆயினும் எங்களிடம் இருந்தவை பிஸ்கட் தகரங்களே. வெர்னியர் அளவுகோலால் அளந்தபோது தகரத்தின் கனம் 0.3 மில்லிமீட்டர், கணக்கிட்டால் பெட்டியின் எடை 212 கிராம். ஆகா, அலுமினியத்தைக் காட்டிலும் குறைவு! ஆனால், வெட்டி எடுத்துக் கையில் பிடித்தபோது காகிதம்போல் தொய்ந்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தனர். களிமண் குலை செய்த அதே மாணவி கூரையைப் பார்த்தாள். “ஐயா, வீட்டுக் கூரைத் தகரம் ஏன் வளைந்து வளைந்து இருக்கிறது?” என்று கேட்டாள்.

அதுவே விடை. தட்டையான தகடு எளிதில் வளையும். மடிப்பு விழுந்த தகடு வளைய மறுக்கும். பெட்டியின் மேல்விளிம்பு முழுவதையும் அரை சென்டிமீட்டர் வெளிப்புறமாக மடித்தோம். பக்கச் சுவர்களில் நகத்தளவு இடைவெளிவிட்டு வரிப்பள்ளங்கள் இட்டோம். உண்மையான லோரிப் பெட்டியின் சுவர்களில் நிற்கும் இரும்புப் பட்டைகள் அழகுக்காக வைத்தவை அல்ல என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது. மூலைகளைப் பற்றாசு வைத்து இணைத்தோம். தகரத்தில் ஈயப்பற்று நன்றாகப் பிடிக்கும். அலுமினியத்தில் எளிதில் பிடிக்காது. வீட்டில் செய்து பார்ப்போர் கவனிக்க: வெட்டிய தகர விளிம்பு கத்தியைவிடக் கூரியது, கையுறை அணிந்து, விளிம்பை அரத்தால் தேய்த்த பின்னரே தொடவேண்டும். பற்றாசு வைத்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. பெட்டியின் உட்புறத்தில் பிஸ்கட் தகரத்தின் ரோசாப்பூப் படம் அப்படியே இருக்கின்றது. சாயம் பூசவேண்டா என்று பிள்ளைகள் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டனர்.

இனிக் கட்டுரையின் கடினமான பகுதி: முன்சக்கரங்கள்.

ஒவ்வொரு முன்சக்கரமும் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆணியைச் சுற்றித் திரும்புகின்றது. லோரி ஓட்டுநர்கள் இதனைக் ‘கிங்பின்’ என்பர். அந்த ஆணியிலிருந்து பின்புறமாக ஒரு சிறு கை நீள்கின்றது. இடக்கையையும் வலக்கையையும் இணைக்கும் குறுக்குத் தண்டை அவர்கள் ‘டைராட்’ என்பர். நாம் இணைப்புத் தண்டு எனலாம். சர்வோ ஒரு சக்கரத்தைத் திருப்ப, இத்தண்டு மற்றதையும் திருப்புகின்றது.

எங்கள் அடிச்சட்டத்தில் இரண்டு ஆணிகளுக்கும் இடையே 140 மில்லிமீட்டர். உடைந்த கை ஒன்றோடு மற்றதையும் கழற்றிவிட்டு, இரண்டையும் அலுமினியப் பட்டையால் புதிதாகச் செய்வது என் திட்டம். நான் கரும்பலகையில் வரைந்தேன். ஆணிகளுக்கிடையே 140, கைகள் இரண்டும் நேர்பின்னாக நீளும், ஆகவே இணைப்புத் தண்டும் 140. செவ்வகம், பார்க்க ஒழுங்காக இருந்தது. அவ்வாறே அறுத்து, துளையிட்டு, பொருத்தினோம். லோரி திரும்பிற்று! பிள்ளைகள் ஆரவாரித்தனர். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

முன்பு கைதட்டாத அந்த மாணவன் இப்போதும் கைதட்டவில்லை. தரையில் மண்டியிட்டு, “ஐயா, சக்கரம் இழுபடுகிறது” என்றான். சிமெண்டுத் தரையில் கரிய வளைகோடு ஒன்று பதிந்திருந்தது. சக்கரம் உருண்டிருந்தால் அவ்வாறு கோடு விழாது; அது பக்கவாட்டில் தேய்ந்திருக்கின்றது. “சக்கரம் பழையது, அதனால்தான்” என்று நான் சொல்லிவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆசிரியன் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்துவிடும். பிள்ளைகள் அதனைக் கண்டுகொள்வர்.

அடுத்த சனிக்கிழமை காலை அவன் தந்தை பள்ளி வாயிலில் வந்து நின்றார். “ஐயா, கொஞ்சம் லோரிப் பக்கம் வரமுடியுமா?” என்றார். கொட்டகையில் லோரி நின்றிருந்தது. இயந்திரம் நிறுத்தப்பட்டு, சக்கரங்களுக்கு மரக்கட்டைகள் அணை கொடுக்கப்பட்டிருந்தன. அவர் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் படுத்து, முன்னச்சின்கீழ்த் தலையை நுழைத்தார். மகனும் நுழைந்தான். நான் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நானும் நுழைந்தேன்.

மசகு படிந்த விரலால் அவர் காட்டினார். “இதோ கிங்பின். இதோ கை. கை நேராகவா போகிறது, பாருங்கள்?” நேராகப் போகவில்லை. இரண்டு கைகளும் உட்புறமாகச் சாய்ந்திருந்தன. இணைப்புத் தண்டு, ஆணிகளுக்கிடையே உள்ள தொலைவைவிடக் குட்டையாக இருந்தது. “ஏன் இப்படி வைத்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது ஐயா. ஆனால் இந்தக் கை வளைந்துபோனால் டயர் ஒரு மாதம் தாங்காது, அது தெரியும்,” என்றார்.

ஏன் என்பதை விளக்குவது என் கடமை அல்லவா? திடலில் ஆறு பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நின்று, அணிவகுப்பில் வளைந்து திரும்புவதாக எண்ணுங்கள். உள்ளே நிற்பவன் சிறுவட்டம் சுற்றுகின்றான். வெளியே நிற்பவன் பெருவட்டம் சுற்றுகின்றான். லோரியும் அப்படியே. வளையும்போது உட்சக்கரம் சிறுவட்டத்தில் செல்வதால் மிகுதியாகத் திரும்பவேண்டும். வெளிச்சக்கரம் குறைவாகத் திரும்பவேண்டும். எங்கள் லோரியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 270 மில்லிமீட்டர். உட்சக்கரம் 30 பாகை திரும்பினால், வெளிச்சக்கரம் 24 பாகையே திரும்பவேண்டும். நான் வரைந்த செவ்வகமோ இரண்டையும் 30 பாகை திருப்பியது. ஆறு பாகை வேறுபாடு தரையில் கரிக்கோடாக விழுந்தது. பழைய சக்கரத்தின் மீது நான் வீண்பழி சுமத்தியிருந்தேன்.

கைகளை உட்சாய்வாக அமைத்தால் இந்த வேறுபாடு தானே உண்டாகின்றது. செவ்வகம் சரிவகமாக மாறுகின்றது. சரிவகம் ஒருபுறம் சாயும்போது அதன் இரு கைகளும் சமமாகத் திரும்புவதில்லை. இந்த அமைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தொழிலாளர் கேயோர்க் இலாங்கன்சுபெர்கர் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்தார். இலண்டனில் அவருக்கு முகவராக இருந்தவர் ருடோல்ப் அக்கர்மன் என்னும் படவிற்பனையாளர். 1818இல் காப்புரிமம் அக்கர்மன் பெயரில் பதிவாயிற்று. இன்றும் உலகம் இதனை அக்கர்மன் முறை என்றே அழைக்கின்றது. வண்டி செய்தவர் பெயர் மறைந்து, தாள் எழுதியவர் பெயர் நின்றது. இது எனக்கு உவப்பில்லை. ஆதலின் இரண்டு பெயரையும் எழுதிவிட்டேன்.

நாங்கள் லோரிக்கடியிலிருந்து வெளியே வந்து கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது தந்தையார், என்னைப் பாராமல், மெதுவாகச் சொன்னார்: “இவனுக்குக் கணக்கு வரவே வராது என்று இவன் அம்மாவிடம் சொன்னீர்களாம், ஐயா. அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.”

நான் அப்படிச் சொன்னது உண்மை. தேர்ச்சி அறிக்கை வழங்கிய நாளில், வரிசையில் பலர் நிற்க, அவசரத்தில் சொன்ன சொல். சொன்னவன் மறந்துவிட்டேன், கேட்டவர் மறக்கவில்லை. என்னால் உடனே ஒன்றும் பேச முடியவில்லை. பையன் டயரின் வரிப்பள்ளத்தில் சிக்கிய கல்லைக் குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை அவனையே கரும்பலகைக்கு அழைத்தேன். கைகள் எந்தத் திசையில் சாயவேண்டும்? ஒவ்வோர் ஆணியிலிருந்தும் பின்னச்சின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். கையின் துளை அக்கோட்டின்மேல் விழவேண்டும். இது முற்றும் துல்லியமான விதியன்று. ஆயினும் நம் தேவைக்குப் போதும். நடுக்கோட்டிலிருந்து ஆணி 70 மில்லிமீட்டர் தள்ளியுள்ளது. பின்னச்சு 270 மில்லிமீட்டர் பின்னால் உள்ளது. கையின் துளை ஆணிக்கு 20 மில்லிமீட்டர் பின்னால் வரவேண்டும். அப்படியானால் அது எவ்வளவு உள்ளே வரும்?

அவன் நெடுநேரம் நின்றான். பிறகு, “270க்கு 70 உள்ளே வருகிறது. 20க்கு எவ்வளவு?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, 20இன் கீழ் 270 என்று பின்னமாக எழுதினான். பின்னம்! அதனைச் சுருக்கி 27இல் 2 ஆக்கினான். 70ஐ அதனால் பெருக்கினான். 140ஐ 27ஆல் வகுத்தான். விடை 5.185, கிட்டத்தட்ட 5.2. இரு பக்கமும் சேர்த்து 10.4. ஆகவே இணைப்புத் தண்டு 140இலிருந்து 10.4ஐக் கழித்து 129.6 மில்லிமீட்டர். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, “அப்பா லோரியிலும் இப்படித்தானே வரும், ஐயா?” என்றான். வரும் என்றேன்.

கணக்கு முடிந்தால் உறுப்பு முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கைகளுக்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பட்டை எடுத்தோம். முதலில் கூரிய ஊசியால் கோடு கீறவேண்டும். பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடித்திருக்கும், அதில் எந்த விளிம்பை நம்புவது? கோடுகள் வெட்டும் இடத்தில் ஆணியடித்துச் சிறு குழி செய்யவேண்டும். குழியில்லாமல் துளைக் கருவியை வைத்தால் முனை வழுக்கி ஓடும். முதலில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை, பிறகு அதே துளையை 3 மில்லிமீட்டராக அகலப்படுத்துதல். பட்டையை வைஸில் இறுகப் பற்றவைக்காமல் கையால் பிடித்துத் துளையிடுவது பெருந்தவறு. பட்டை சுழன்று விரலை வெட்டிவிடும். துளைக் கருவியை நான் இயக்கினேன். பிள்ளைகள் கண்காப்பு அணிந்து அருகில் நின்றனர்.

முதல் தண்டு வீணாயிற்று. அவன் 129.6 மில்லிமீட்டர் பட்டையை அறுத்துவிட்டு, அதற்குள் துளைகளை இட்டுவிட்டான். 129.6 என்பது துளையின் நடுவிலிருந்து மறுதுளையின் நடு வரை உள்ள அளவு. இரு முனைகளிலும் உலோகம் மிஞ்சியிருக்கவேண்டும். அவன் முகம் வாடிற்று. நான் மேசையிலிருந்த 140 தண்டை எடுத்து, அதன் பக்கத்தில் இதனை வைத்தேன். என் தவறும் அவன் தவறும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருந்தன. அவன் சிரித்துவிட்டான்.

துளைகளின் நடுவைக் கண்ணால் மதிப்பிட இயலாதே, எப்படி அளப்பது? ஓர் எளிய வழி உண்டு. இரண்டு துளைகளும் ஒரே அளவினவாக இருந்தால், ஒன்றின் இடவிளிம்பிலிருந்து மற்றதன் இடவிளிம்பு வரை அளந்தால் போதும். அதுவே நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தொலைவு. இதற்கு உதவும் வெர்னியர் அளவுகோல் பிரஞ்சு நாட்டுப் பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட முறையைத் தழுவியது. இன்று எண்ணைத் திரையில் காட்டும் அளவுகோல்களும் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் கோடுகளைப் பார்த்துப் படிக்கும் பழைய வகையில் பழகியவனுக்கு மின்கலம் தீர்ந்துபோகும் கவலை இல்லை.

இரண்டாம் தண்டைப் பட்டையால் செய்யவில்லை. லோரியின் இணைப்புத் தண்டில் இரு முனைகளும் மரைகொண்டு, சுற்றி நீட்டவும் குறைக்கவும் ஏற்றவாறு இருந்ததைப் பையன் பார்த்து வந்திருந்தான். நாங்களும் 3 மில்லிமீட்டர் மரைத்தண்டு ஒன்று வாங்கினோம். பித்தளைக் கட்டை இரண்டில் 2.5 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்மரை வெட்டி, முனைகளாக மாட்டினோம். துளை 3 ஆக இருந்தால் மரை வெட்ட உலோகம் இராது. அரை மில்லிமீட்டர் விட்டுவைப்பது அதற்காகவே. இந்த மரையின் இடைவெளி அரை மில்லிமீட்டர். ஆகவே முனையை ஒரு முழுச்சுற்றுத் திருப்பினால் தண்டின் நீளம் அரை மில்லிமீட்டர் மாறும். 129.6 வரும்வரை சுற்றிச் சுற்றி அளந்தனர். முப்பரிமாண அச்சுப்பொறி இருந்தால் இவை யாவும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அந்தப் பொறியிடமும் 129.6 என்று நாம்தான் சொல்லவேண்டும்.

தரையைத் துடைத்து, லோரியைப் பெட்டியோடும் களிமண் குலைகளோடும் ஓட்டிப் பார்த்த மாலையில், வேலை முடிந்து தந்தையாரும் வந்திருந்தார். லோரி சிற்றுண்டிச் சாலைத் தூணைச் சுற்றி மூன்று முறை வளைந்தது. தரையில் கோடு விழவில்லை. அவர் அதனைக் கையில் எடுத்து, கவிழ்த்து, கைகளின் சாய்வைப் பார்த்தார். பெருவிரலால் தண்டை அசைத்துப் பார்த்தார். “கொஞ்சம் மசகு போடுங்கள்,” என்று மட்டும் சொல்லி மகனிடம் கொடுத்தார்.

அன்றிரவு அவர்கள் வீட்டிற்குச் சென்று, முன்பு சொன்ன சொல் தவறு என்று அவன் தாயாரிடம் சொன்னேன். கணக்கேட்டையும் எடுத்துச் சென்றிருந்தேன். 27இல் 2 எழுதிய பக்கத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தேநீர் கொண்டுவந்தார். அடுத்த சோதனையில் பையன் ஐந்து பின்னக் கணக்குகளில் மூன்றைச் சரியாகச் செய்தான், இரண்டு தவறு. பக்கம் வெறுமையாக இல்லை.

பெட்டியைத் தூக்கிக் குலைகளைக் கொட்டும் பொறி இன்னும் செய்யப்படவில்லை. 6 மில்லிமீட்டர் மரைத்தண்டைச் சிறு மோட்டாரால் சுழற்றினால், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பெட்டி எழும் என்று கணக்கிட்டுள்ளோம். நிமிடத்திற்கு 100 சுற்று ஓடும் மோட்டார் கிடைத்தால், 60 மில்லிமீட்டர் உயர 36 நொடி ஆகும். தோட்டத்து லோரிக்கு எத்தனை நொடி ஆகின்றது என்று அளந்துவரும் பொறுப்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுடையது. சனிக்கிழமைகளில் காலை 8 மணிமுதல் பள்ளியின் பின்கொட்டகை திறந்திருக்கும். பழைய பிஸ்கட் தகரம் வைத்திருப்போர் விளிம்பு நசுங்காமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புக. வீட்டில் சும்மா கிடக்கும் அரம் இருந்தால் அதனையும் இரவல் தரலாம். பெயர் எழுதி வைத்துத் திருப்பித் தருவோம்.